விலை போகாத பாதி



பழசானதைச் சும்மா தெருவில் எறிகிற வழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அவ்வளவாகக் கிடையாது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் அளந்து கொடுத்த வண்டிக்காரர் போய், தராசில் நிறுத்துப் பணமாகவே எண்ணிக் கொடுக்கும் காயலான் கடை வந்தது, மாறியது அவ்வளவுதான். காயில் புகைந்த மிக்ஸியோ ஓடாத டேபிள் ஃபேனோ பரணில் பல வருஷம் கிடக்கலாம். ஆனால் வீட்டைவிட்டுப் போகிற அன்று அது எடைக்குத்தான் போகும்.

ஜப்பானில் இது தலைகீழ். அங்கே 2001 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஒருவர் பழைய ஏ.சி., டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இவற்றில் எதைக் கழிப்பதானாலும், அதை முறையாகப் பிரித்தெடுக்கிற கட்டணத்தை அவரே கட்ட வேண்டும். நம் ஊரில் ஃபிரிட்ஜை எடுத்துப்போக வந்தவர் "நீங்கதான் எனக்குக் காசு தரணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அந்தத் தெருவில் அவர் மறுபடி கால் வைக்க முடியாது.

ஆகவே, இந்தியாவில் மின்னணுக் கழிவு மறுசுழற்சியே ஆவதில்லை என்று மேடைக்கு மேடை சொல்லப்படுவது சரியில்லை. காசு பெறும் பகுதி எப்போதும் மறுசுழற்சி ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. செம்புக் கம்பி ஒரு முழம் வீணாவதில்லை. காசு பெறாத பகுதிதான் ஏரிக்கரைக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் போகிறது. இந்த உரை அந்த இரண்டாவது பகுதியைப் பற்றியது.

அளவை முதலில் சொல்லிவிடலாம். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்கு மட்டும். இந்தியாவில், அரசின் கணக்கிலேயே, 2019-20-இல் சுமார் 10 லட்சம் டன்னாக இருந்தது 2023-24-இல் 17.5 லட்சம் டன்னாகிவிட்டது. இத்தனை எண்கள் போதும். கோடி டன் என்று கேட்கும்போது மலைப்பு வருமே தவிர, எதுவும் கண்ணில் தெரியாது. ஒரு டி.வி.யைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்; அதற்கு முன் தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

காசு பெறும் பகுதியின் கவர்ச்சியை அளக்கக் கோலார் தங்க வயலைவிட நல்ல அளவுகோல் இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்த இடம் அது. 2001-இல் சுரங்கத்தை மூடியபோது, ஒரு டன் பாறையை அரைத்தால் தேறியது சில கிராம் தங்கம்தான். ஆண்டுக்கணக்கில் அரைத்துக் கொட்டிய சயனைடு மேடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. பெல்ஜியத்தின் யூமிகோர் என்ற உலோக உருக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போட்ட கணக்கு ஒன்று உண்டு: பேட்டரி நீக்கிய ஒரு டன் கைபேசியில் 340 கிராம் தங்கம், மூன்றரைக் கிலோ வெள்ளி, 140 கிராம் பல்லேடியம், 130 கிலோ செம்பு. அது பழைய மாடல் போன்களின் கணக்கு. ஆனாலும் கோலார்ப் பாறை எங்கே, இது எங்கே!

டோக்கியோ ஒலிம்பிக் இந்தக் கவர்ச்சியை உலகத்துக்கே விளம்பரம் செய்தது. பதக்கம் செய்வதற்காக 2017 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை நகராட்சிகள் மூலம் 78,985 டன் சிறு மின்னணுச் சாதனங்களைத் திரட்டினார்கள். அது போக டோகோமோ என்ற கைபேசி நிறுவனத்தின் கடைகளில் மக்கள் கொண்டுவந்து கொடுத்த கைபேசிகள் 62 லட்சம். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம். சுமார் 5,000 பதக்கங்களும் அதிலேயே செய்யப்பட்டன. (தங்கப் பதக்கம் என்பதே உள்ளே வெள்ளி, மேலே ஆறு கிராம் தங்கப் பூச்சு என்பது வேறு விஷயம்.) உலகம் கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். ஆனால் எது பதக்கத்தில் ஏறியதோ அதுதான் செய்தியிலும் ஏறியது. எண்பதாயிரம் டன்னில் மிச்சம் இருந்த பிளாஸ்டிக், கண்ணாடி, பேட்டரி, ரெசின் இவற்றை யார் கழுத்திலும் மாட்ட முடியாதே.

இப்போது டி.வி.க்கு வருவோம். 2006 முதல் 2011 வரை கலைஞர் கருணாநிதி அரசு தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. 2011-இல் வந்த ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. இலவசம் சரியா தவறா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். உழைத்துக் களைத்த வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்வெடுத்தது நல்ல காரியமே. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே மாநிலத்தில், ஒரே காலகட்டத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒன்றரைக் கோடிப் பெட்டிகள். யார் வீட்டில் எது இருக்கிறது என்பதற்கு ரேஷன் அட்டைப்படி பட்டியலும் இருந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள இதைவிட வசதியான வாய்ப்பு உலகத்தில் எந்த அரசுக்கும் வாய்த்திருக்காது.

பிளாட் டி.வி. வந்ததும் அந்தப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. அங்கே ஒரு பெட்டி எப்படிப் பிரிகிறது?

பின்மூடியின் திருகுகளைக் கழற்றியதும் அடியில் ஒரு போர்டு. அதிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்று கிளம்பி, ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு பிக்சர் டியூபின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழகிய கை முதலில் அந்தத் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, டியூபில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கும். பிறகு டியூபின் கழுத்து நுனியில் ஒரு சின்னத் தட்டு. "உஸ்" என்று காற்று உள்ளே ஏறும். டியூபுக்குள் அதுவரை இருந்தது வெற்றிடம். காற்று புகுந்துவிட்டால் இனி வெடிக்காது. கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற கம்பிச்சுருளை உருவினால் கைநிறையச் செம்பு. டியூபைச் சுற்றி ஓடும் கறுப்பு வளையத்துக்குள்ளும் கம்பிச் சுருள். போர்டு ஒரு மூட்டைக்கு, பிளாஸ்டிக் கூடு இன்னொரு மூட்டைக்கு. டியூபை உடைத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதுவும் இரும்போடு சேரும். மிஞ்சுவது கண்ணாடி. அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. சாக்கில் கட்டி இருட்டியதும் எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான்.

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. டியூபுக்குள் எலெக்ட்ரான்கள் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தில் திரையில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். அது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் மேல் படாதிருக்கத்தான், புனல் வடிவப் பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈய ஆக்சைடு கலந்தார்கள். 14 அங்குலப் பெட்டியில் தோராயமாக அரைக் கிலோ ஈயம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரைக் கோடிப் பெட்டிக்கு ஏழாயிரம் டன்னுக்குக் குறையாது. பெட்டி ஓடும்வரை அந்த ஈயம் வீட்டைக் காத்தது. உடைந்தபின்?

அமெரிக்காவில் குப்பைமேட்டின் அமிலத்தன்மையைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கி, அதில் ஊறும் பொருளிலிருந்து லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கசிந்தால் அது அபாயக் கழிவு என்பது விதி. புளோரிடாவில் ஆய்வாளர்கள் வண்ண பிக்சர் டியூப்களை இப்படிச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள், சராசரி 18.5 மில்லிகிராம். குழந்தையின் ரத்தத்தில் இத்தனை ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கண்ணாடிக்கும் ஒரு காலத்தில் விலை இருந்தது என்பதுதான் வேடிக்கை. பழைய டியூபை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். இந்தியாவிலும் அதற்குத் தொழிற்சாலைகள் இருந்தன. தட்டைத் திரை வந்ததும் டியூப் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அன்றோடு கண்ணாடியின் விலை பூஜ்ஜியம், இல்லை, பூஜ்ஜியத்துக்கும் கீழே. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஒரு நிறுவனம், பிரித்துக் கொடுக்கிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, கோடிக்கணக்கான கிலோ டியூப் கண்ணாடியைக் கிடங்குகளில் குவித்துவிட்டு நடையைக் கட்டியது. பணக்கார நாடு, கறாரான சட்டம் எல்லாம் இருந்தும், விலையில்லாத பொருளுக்கு அங்கேயும் அதே கதிதான்.

ஃபிரிட்ஜில் மிஞ்சுவது கண்ணுக்கே தெரியாது என்பதால் அதன் கதை இன்னும் மோசம். கடைக்காரருக்கு வேண்டியது கம்ப்ரஸர்; உள்ளே செம்புச் சுருளும் வெளியே கனத்த இரும்பும். குழாயைக் கட்டரால் நறுக்குவார். இரண்டு நிமிஷம் "புஸ்" என்று சத்தம். முடிந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் வெளியேறியது நூறு, நூற்றைம்பது கிராம் வாயு. ஆர்-134ஏ என்ற வாயுவானால், 150 கிராம் புவியைச் சூடாக்குவதில் சுமார் 200 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். தொண்ணூறுகளில் வாங்கிய ஃபிரிட்ஜில் இருக்கும் ஆர்-12 ஆனால் ஒன்றரை டன்னுக்குச் சமம். ஓசோன் படலத்துக்குச் செய்யும் கேடு தனி. ஓசோனைக் காக்க 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவும் 2010-க்குள் இந்த வாயுவின் பயன்பாட்டை நிறுத்தியது. தயாரிப்பதை நிறுத்தியாகிவிட்டது, ஏற்கெனவே வீடுகளுக்குள் அடைபட்டிருந்தது ஒவ்வொன்றாக நறுக்குண்டு வெளியே வருகிறது. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ. அது புவியைச் சூடாக்காது என்றே சொல்லலாம். ஆனால் தீப்பற்றும். பக்கத்தில் கேஸ் வெல்டிங் நடக்கும் பட்டறையில் அதை நறுக்குபவருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

போர்டு மூட்டை எங்கே போகிறது? தில்லியின் சீலம்பூர்க் கழிவுச் சந்தைக்கு, அங்கிருந்து உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்துக்கு. மொராதாபாத் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். உலை மூட்டவும் உலோகம் உருக்கவும் தெரிந்த கைகள் அங்கே தலைமுறையாக இருந்தன. பித்தளைத் தொழில் நொடித்தபோது அந்தக் கைகள் போர்டை எரிக்கப் போயின. எரித்த சாம்பலை அரைத்து ராம்கங்கா ஆற்றோரம் கழுவிச் செம்பைப் பிரிப்பார்கள். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2015-இல் அந்த ஆற்றங்கரை மண்ணைச் சோதித்து, கன உலோகங்கள் மிதமிஞ்சி இருப்பதைச் சொன்னது. சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் குய்யூ ஊர் இந்த வழியில் முன்னாலேயே போய்ப் பார்த்தது. 2007-இல் வெளியான ஆய்வில், ஆறு வயதுக்குட்பட்ட குய்யூக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரி 15.3 மைக்ரோகிராம் ஈயம். இந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் 9.94.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவுக்கென்றே 2011-இல் விதிகள் வந்தன, 2016-இல் திருத்தி எழுதப்பட்டன, 2022-இல் முழுதாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இப்போதைய ஏற்பாடு இது: பொருளைத் தயாரித்தவர் அதன் முடிவுக்கும் பொறுப்பு. ஆனால் அவரே வீடு வீடாகப் போய்ப் பழைய டி.வி.யைத் தூக்கிவர வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் செய்த வேலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். தயாரிப்பாளர் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால், தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. நான்கே உலோகம். நான்கும் ஏற்கெனவே விலை போகிறவை. ஈயக் கண்ணாடிக்குச் சான்றிதழ் இல்லை. சட்டமும் காயலான் கடைக்காரரின் கண்ணாலேயே கழிவைப் பார்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் சான்றிதழின் விலையிலும் சண்டை. அடிமட்ட விலை என்று அரசு 2024-இல் நிர்ணயித்தது வீட்டுச் சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். அது அதிகம் என்று பெரிய நிறுவனங்கள் பல தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பத்துக் கிலோப் பெட்டிக்கு 220 ரூபாய். முப்பதாயிரம் ரூபாய் டி.வி.யின் விலையில் இது எந்த மூலைக்கு என்று வாங்குபவர் கேட்கலாம்; கேட்பதில் தப்பில்லை.

கலிபோர்னியா வேறு வழி பிடித்தது. 2003-இல் சட்டம் போட்டு, 2005 தொடக்கத்திலிருந்து திரையுள்ள சாதனம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் 6 முதல் 10 டாலர் வரை கட்டணம் வசூலித்தார்கள். அந்தப் பணம், பழைய டி.வி.யைச் சேகரித்தவருக்கும் பிரித்தவருக்கும் எடைக்கு இவ்வளவு என்று போனது. உள்ளே செம்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.  விலையில்லாத பொருளுக்கு விலை உண்டாக்கிக் காட்டினார்கள். அங்கேயும் தில்லுமுல்லு நடந்தது. பக்கத்து மாநிலத்து டி.வி.களைக் கொண்டுவந்து காட்டிப் பணம் கேட்டவர்கள் உண்டு. அதைக்கூட அந்த ஏற்பாட்டுக்கு ஒருவகை நற்சான்று என்றே கொள்ளலாம். கொட்டப்பட வேண்டிய கண்ணாடியை எல்லை தாண்டித் தேடிப்போய் எடுக்க வைத்ததே!

தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு காயலான் கடை இருக்கிறது. எந்த வீட்டில் எந்தச் சாதனம் படுத்துவிட்டது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவரை விரட்டிவிட்டுக் குளிரூட்டிய வண்டியில் சீருடை ஆட்களை அனுப்பும் திட்டங்கள் படத்துக்கு அழகாக இருக்கும்; பொருள் வராது. புனேயில் குப்பை பொறுக்குவோர் சங்கம் அமைத்து, ஸ்வச் என்ற கூட்டுறவாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகப் போகிறார்கள். தனி முகாம்களில் மின்னணுக் கழிவையும் வாங்குகிறார்கள். அதே போல் இங்கே கடைக்காரர் யோக்கையும் கம்ப்ரஸரையும் தன் லாபத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். முழு டியூபுக்கு இவ்வளவு, வாயு வெளியேறாத ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு என்று மேற்கொண்டு கொடுத்தால் அவர் கட்டரைக் கீழே வைப்பார்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமில்லை. எதையும் பிரிக்காமல், கம்பியை வெட்டாமல், முழுசாகக் கொடுப்பது முதல் உதவி. உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்காமல், முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி குப்பை லாரிக்குள் நசுங்கினால் லாரியே எரியக்கூடும். பழைய போன் பல வீடுகளில் பீரோவிலேயே கிடப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. உள்ளே கல்யாணப் படம் இருக்கிறது, வங்கி விவரம் இருக்கிறது. படங்களை வேறிடத்துக்கு மாற்றிக் கண்முன்னே அழித்துக் கொடுக்க ஒவ்வொரு செல்போன் கடையிலும் ஓர் ஆள் இருந்தால் பீரோக்கள் தானாகக் காலியாகும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் மொத்தமாகத் திரட்டிக் கூப்பிட்டால் வண்டியோடு வருபவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால் ரிப்பேர் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கண்டன்சரை மாற்றி டி.வி.யை எழுப்பிவிடும் கைகள் இன்னும் உண்டு. ஆனால் புதிய சாதனங்களைத் திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டுகிறார்கள். பிரான்சில் 2021-இல், போன், லேப்டாப் முதலிய சாதனங்களின் மேல், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டி விற்க வேண்டும் என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கே சட்டம் கொண்டுவந்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் உலகத்துக்கே போன் செய்து அனுப்புகிற மாநிலம், அதே போனைத் திறக்கிற திருகையும் உதிரி பாகத்தையும் தன் கடைவீதிக்குக் கேட்டு வாங்குவது நியாயமான கோரிக்கைதான்.

அடுத்த அலை கூரைமேல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு கோடி வீடுகளுக்குச் சூரிய மின்தகடு என்ற மத்திய அரசுத் திட்டம் 2024-இல் தொடங்கியது. நல்ல திட்டம், மாற்றிப் பேச ஒன்றுமில்லை. தகட்டின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு என்கிறார்கள். புயலிலும் கல்லடியிலும் உடைபவை அதற்கு முன்பே இறங்கும். ஒரு தகட்டின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடி. ஓரத்தில் அலுமினியச் சட்டம், பின்னால் சின்னப் பெட்டியில் செம்பு ஒயர். இரண்டையும் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். மற்றதெல்லாம் ஒன்றோடொன்று பசையில் ஒட்டிய கண்ணாடி, சிலிக்கான், பிளாஸ்டிக். மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளிலும் கோபால்ட், நிக்கல் உள்ளவற்றுக்கு வாங்க ஆள் உண்டு. விலை குறைந்த இரும்பு பாஸ்பேட் வகைக்கு அந்த மவுசு இல்லை. 2022 விதிகள், வீணான சூரியத் தகடுகளைத் தயாரிப்பாளர்கள் 2034-35 வரை பத்திரமாகச் சேமித்து வைக்க வேண்டும் என்று சொல்கின்றன. ஒரு தகட்டை அலுமினியச் சட்டம் கழற்றாமல் முழுசாகக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு எவ்வளவு ரூபாய் என்பதை, தகடு விற்கும் விலையோடு சேர்த்து இன்றே வசூலித்து வைப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் கையில் இருக்கின்றன.